மேலே போக வாங்கிய டயர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் என் கணவரிடம் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள். புதிதாகக் கார் வாங்கிய பிள்ளைகள், அண்மையில் லைசென்ஸ் எடுத்தவர்கள், என்னோடு வேலை செய்யும் பெண்களின் வீட்டுக்காரர்கள். "அண்ணை, வின்டர் டயர் வாங்கத்தான் வேணுமோ? போடுற காசுக்குப் பிரயோசனம் இருக்கோ?" இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். குளிரில் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், இது இறுகாது, இதன் வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும் என்று கையை விரித்துக் காட்டி விளக்குவார். யோசிக்காமல் வாங்குங்கோ, உயிரை விடக் காசு பெரிதில்லை என்று முடிப்பார். நான் குசினியில் தேநீர் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சமல்ல. ஐந்தாறு குளிர்காலம் வேண்டாம், வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றதும் இதே மனுசன்தான்.

எங்கள் வீடு சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. இவருக்குத் தொழிற்சாலையில் வேலை, நடந்தே போய்விடுவார். எனக்கு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை, பஸ் வாசலடிக்கே வரும். கார் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், என் தங்கச்சிக்காக.

அவள் 2009இல் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தாள். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது கொழும்பில் ஒரு லொட்ஜ் வாசலில் நின்று கை காட்டியவள், அப்போது இரட்டைப் பின்னல். அதற்குப் பிறகு அவளை நான் வளர்த்ததெல்லாம் போனில்தான். எங்கள் ஆட்களின் வீடுகளில் அக்கா கனடாவிலும் தங்கச்சி நோர்வேயிலும் இருப்பார்கள். எனக்கு மட்டும் தங்கச்சி ஒரே நாட்டுக்குள் வருகிறாள் என்றபோது நான் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, வேலையிடத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். வரைபடத்தில் பார்த்தால் சுவிஸ் உள்ளங்கை அளவு. கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்றுதான் நினைத்தேன்.

அவள் வந்து இறங்கியது லா ஷோ-த-ஃபோனில். நொஷாட்டல் ஏரிக்கு மேலே, மலைக்குள் புகுந்து வெளிவரும் சுரங்கப் பாதைக்கு அப்பால் இருக்கும் ஊர், மணிக்கூடு செய்கிற ஊர். மாப்பிள்ளை அங்கே ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை செய்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் ஏரிக்கரையைக் கீழ் என்றும் தங்கள் ஊரை மேல் என்றும் சொல்வார்கள். தங்கச்சியும் வந்த சூட்டோடு அப்படிச் சொல்லப் பழகிவிட்டாள். எங்கள் வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. மேலே போவோமா, மேலே இருந்து போன் வந்ததா என்றுதான் கேட்போம். வாயில் நுழையாத அந்தப் பிரெஞ்சுப் பெயரை நாங்கள் யாரும் சொல்வதில்லை.

அந்தக் கோடையில் எனக்கு விடுமுறை வந்த ஞாயிறு ஒன்றையும் நாங்கள் தவறவிடவில்லை. இடியப்பம், கத்தரிக்காய்ப் பால்கறி, இறைச்சிக்கறி என்று சட்டிகளைத் துணியால் கட்டிக் காருக்குள் ஏற்றுவோம். அவளுக்கு அங்கே பேச ஆள் இல்லை. ஊரில் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள்தான், அவர்களும் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மாப்பிள்ளைக்கு முறை வேலை. நாங்கள் போனால் ஆண்களையும் பிள்ளைகளையும் முன்னறையில் விட்டுவிட்டு அவளும் நானும் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வோம். என்ன கதைத்தோம் என்று இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. அவள் சிரிக்கத் தொடங்கினால் அடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள், கறி அடிப்பிடிக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் போன் எடுத்தாள். மேலே பனி கொட்டுகிறதாம், முன்வீட்டுக் காரே தெரியவில்லையாம், வெளியே போய்க் கையில் ஏந்திப் பார்த்தாளாம். ஞாயிறு கட்டாயம் வா அக்கா, இரண்டு பேருமாக விளையாடுவோம் என்றாள். எனக்கு அப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் நானும் விளையாடத் தயாராகத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிறு எம்மன்புரூக்கேயில் பனி என்ற பேச்சே இல்லை, மூட்டம் மட்டும். சுரங்கம் வரைக்கும் வீதி கறுப்பாகவே கிடந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் கண் கூசும் வெள்ளை. ஊருக்குள் இறங்கும் சரிவில் இவர் பிரேக்கை மெல்லத் தொட்டார். கார் சொல்லுக் கேட்கவில்லை. அவசரமே இல்லாமல் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு, வீதியோரத்துப் பனிக் குவியலில் போய்ச் சாய்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் இரண்டும் அப்பா, இன்னொருக்கா என்று கேட்டார்கள்.

இவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த ஒரு வயோதிபர் இறங்கி எங்கள் டயரைக் காலால் தட்டிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து காரைத் தள்ளிவிட்டார்கள். அது ஏற்கெனவே எம்மன்புரூக்கேயைப் பார்த்தபடி நின்றதால் இவர் அப்படியே ஓட்டத் தொடங்கினார். தங்கச்சி வீட்டுக்கு அங்கிருந்து நடந்துகூடப் போயிருக்கலாம். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன்.

"இனிப் பனிக்காலத்திலை மேலை போறேல்லை" என்றார் சுரங்கத்துக்குள் போனதும்.

என் மடியில் சட்டி இன்னும் சூடாக இருந்தது. எங்களுக்கென்று அவள் சமைத்து வைத்திருந்ததை அவளும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டார்களாம்.

மேலே பனிக்காலம் என்பது கார்த்திகையில் தொடங்கிச் சித்திரை வரை இழுபடும். வருடத்தில் பாதி அதிலேயே போய்விடும். டயரை மாற்றினால் போகலாமே என்று நான் தொடங்கினேன். இவரிடம் பதில்கள் கைவசம் இருந்தன. சட்டத்தில் இல்லை என்பது அவருக்குப் பிடித்த பதில். அது உண்மைதான். இந்த நாட்டில் குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஏதாவது நடந்தால்தான் காப்புறுதிக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள். எம்மன்புரூக்கேயில் விழும் பனி பத்து மணிக்குள் தண்ணீராகிவிடும், அதற்குப் போய் நான்கு டயரா என்பார். அதற்கும் மசியாவிட்டால் கெல்லரை இழுப்பார். கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன அடைப்பு உண்டு, அதைத்தான் கெல்லர் என்கிறோம். அதற்குள் அரிசி மூட்டை, விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய சட்டிகள், பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் எல்லாம் இருக்கின்றன, டயரை எங்கே வைப்பது?

நான் விடவில்லை. கராஜ்காரரிடம் கொடுத்தால் அடுத்த பருவம் வரை அவர்களே வைத்திருந்து தருவார்கள், அதற்கு டயர் ஹோட்டல் என்று பெயர் என்று வேலையிடத்தில் விசாரித்து வந்து சொன்னேன். இவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

"நாங்களே இந்த நாட்டிலை ஒரு நாள் ஹோட்டலிலை படுக்கேல்லை. டயர் படுக்கப்போகுதோ?"

ரயில் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். சுவிஸில் இருந்துகொண்டு ரயில் இல்லை என்றால் யாரும் சிரிப்பார்கள். ஓல்ட்டனிலும் பீலிலும் மாறி ஏறினால் மேலே போய்விடலாம். குளிர்காலத்தில் சில தடவை நான் தனியாகப் போயும் இருக்கிறேன். போனால் சப்பாத்தைக் கழற்றும்போதே திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். காரில் போனால் பிந்தலாம். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொல்ல, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று நான் சொல்ல, சரி, தேத்தண்ணியாவது குடித்துவிட்டு என்று அவள் சொல்ல, அப்படியே பிந்திப் பிந்திப் புறப்படுவதுதான் சொந்த வீட்டுக்குப் போய்வருகிற சுகம். ரயிலில் போனால் நான் அவளுக்கு விருந்தாளி. எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்படியே குளிர்காலங்கள் போனில் கழிந்தன. நான் உடுப்பு மடித்தபடி, அவள் வெங்காயம் வெட்டியபடி, இரண்டு பேரும் போனைத் திறந்து பக்கத்தில் வைத்துவிடுவோம். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வைக்க மாட்டோம். அவளுடைய கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சில நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே எனக்கு அழுகை வரும். தூரத்தில் இருந்தால் தூரம் என்று மனம் ஆறும். ஒரு காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில் அவள் இருந்தாள், அதுதான் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு மூத்தது பெண்பிள்ளை, கோடையில் பிறந்தது. அப்போது ஓடி ஓடிப் போய்ப் பத்தியச் சமையல் செய்து கொடுத்தேன். நவராத்திரிக்குப் பார்த்தபோது மடியில் கிடந்த பிள்ளை, ஈஸ்டர் விடுமுறைக்குப் போனபோது தளர்நடை போட்டு வந்து, என்னைக் கண்டு தாயின் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. தங்கச்சி சிரித்தபடி பெரியம்மாவிடம் போ என்று தள்ளினாள். அது வீரிட்டு அழுதது. நானும் சிரித்தேன், ஆனால் அந்தப் பகல் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. என் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்தால் சுவிஸ் ஜெர்மன், அவள் மகளுக்குப் பிரெஞ்சு. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது தமிழ் மட்டும்தான். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி மூன்று மாதத்தில் நடக்காதது மேலே போய் ஒரு பின்னேரம் விளையாடினால் நடந்துவிடும். கோடை முடிகிற நேரம் என்ரை, உன்ரை என்று மூன்றும் தமிழில் சண்டை பிடிக்கும். கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிரும். குளிர்காலம் வந்து போனால் மறுபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஊமையாக நிற்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது பிள்ளைக்குத் தங்கச்சிக்கு ஜனவரி கடைசியில் என்று நாள் கொடுத்திருந்தார்கள். நடுக் குளிர்காலம். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அந்த முறை கேட்டாள்.

"அக்கா, இந்த முறை நீ பக்கத்திலை நில்லன். எனக்குப் பயமாய்க் கிடக்கு."

அன்றைக்கு நான் இவரோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய் உடுப்பு மடித்தேன். அதுதான் அவரைக் கலக்கியிருக்க வேண்டும். மறுநாள் வேலையால் வரும்போது கராஜில் நான்கு டயருக்குச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. உடனே மேலே போன் எடுத்து, இந்த முறை எல்லோருமாக வருகிறோம், நாரி நோகிற நேரம் இடுப்பைத் தேய்த்துவிட நான் நிற்பேன், மூத்தவளைப் பார்க்க என் மகள் நிற்பாள் என்று அளந்துகொட்டினேன்.

ஆனால் அந்த வாரம்தான் முதற்பனி விழுந்திருந்தது. பனி விழுந்த பிறகுதான் இந்த நாட்டுக்கே டயர் நினைவு வரும். கராஜில் எங்கள் முறை வந்தபோது மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாளாகியிருந்தது. காலையில் காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தார். எட்டிப் பார்த்தால் காருக்குக் கீழே பழைய டயர்கள். புதியவை டிக்கியிலும் பின் இருக்கையிலும் ஏறியிருந்தன.

"மார்கழியிலை புதுசா ஒண்டும் தொடங்கிறேல்லை" என்றார். "தை பிறக்கட்டும். பூட்டி, கோயிலிலை தேசிக்காய் வைச்சு மிதிச்சுப்போட்டுத்தான் மேலை போறது."

"டயர் என்ன கலியாணமோ?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமையில் கோழிக்கறி இருக்கிறதா என்று சட்டியைத் திறந்து பார்க்கிற மனுசன் இவர். புது வாகனம் என்றால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கார் வாங்கிய அன்றே அதற்கு எலுமிச்சை வைத்தாயிற்று. பழைய காருக்குப் பூட்டும் டயருக்குத் தனியாக நல்ல மாதம் பார்க்க வேண்டும் என்று எந்த ஊரில் இருக்கிறது? பிள்ளைக்கு ஜனவரி கடைசிதானே நாள், பொங்கலோடு பூட்டினால் தாராளமாக நேரம் இருக்கிறது என்று அவர் கணக்குச் சொன்னார். கணக்கு என்னவோ சரிதான்.

டயர்கள் கெல்லருக்குள் போயின. இடமே இல்லை என்று ஐந்தாறு வருடம் சொன்ன அதே கெல்லரில், அரிசி மூட்டைக்கு முன்னால் அடுக்காக நின்றன. அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புது ரப்பர் மணம் மூக்கில் அடிக்கும். தங்கச்சி வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டயர்கள் நிலவறையில் மார்கழி விரதம் இருந்தன.

அவருக்கு அந்தச் சரிவு இன்னும் பயம் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. இறக்கமான வீதி எதைக் கண்டாலும் அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். டயரை வாங்கிவிட்டார், போகத்தான் துணிவு வரவில்லை. மார்கழி அவருக்கு நல்ல சாட்டாக வந்து வாய்த்தது.

பிள்ளை தைக்குக் காத்திருக்கவில்லை. பொங்கலுக்கு இன்னும் நாட்கள் இருக்க, ஒரு காலையில் நான் வேலையில் நின்றபோது மாப்பிள்ளையின் போன் வந்தது. நீர்க்குடம் உடைந்து அவளை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறேன், மூத்தவளைப் பார்க்க ஆள் இல்லாததால் நான் பிள்ளையோடு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வெறுங்கையோடு போக மனம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று வறுத்து அரைத்து வைத்திருந்த சரக்குத் தூளைப் போட்டு, மிளகும் உள்ளியும் தூக்கலாக ஒரு கறி காய்ச்சினேன். அன்று பின்னேர வேலை என்பதால் இவர் வீட்டில் இருந்தார். குசினி வாசலில் வந்து நின்றார்.

"கராஜுக்குப் போன் எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

மார்கழியைத் தூக்கி எறிய அவர் தயாராகிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் கராஜ்காரர் நினைத்தவுடன் கூப்பிடுவாரா? நான் சட்டியைத் துணியால் கட்டினேன்.

பீலில் இருந்து மலைக்குள் ஏறும் ரயிலில் என் சட்டி பெட்டி முழுக்க மணத்தது. எதிரே இருந்த பெண் ஏதோ கேட்டார். பிரெஞ்சில் கேட்டதால் விளங்கவில்லை. நான் இரண்டு கையாலும் ஒரு பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினேன். அவர் சிரித்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வேலிகள் தலை மட்டும் தெரிய மூடிக் கிடந்தன. ரயில் ஒரு நிமிடமும் பிந்தாமல் ஏறியது. இவ்வளவு பனிக்குள்ளும் ஓடுகிற அந்த ரயிலைப் பார்க்க எனக்கு இவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. தங்கச்சி என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள். அத்தானும் பிள்ளைகளும் எங்கே என்று கேட்டாள். அத்தான் வீட்டில், டயர் கெல்லரில், எல்லோருமாகத் தை பிறக்கக் காத்திருக்கிறார்கள் என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கப் பண்ணாதே அக்கா, நோகிறது என்று கையால் மறித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் இருக்கிற நாட்டிலை தனிய இருந்து பெத்தன் அக்கா" என்றாள்.

நான் சோற்றைக் குழைத்து அவள் வாயில் வைத்தேன். தந்த விடுமுறை முடியும் வரை நின்று, சமைத்துக் கொடுத்து, மூத்தவளுக்குத் தலை வாரி இழுத்துவிட்டு, மறுபடி ரயில் ஏறினேன்.

தை பிறந்தது. இவர் சொன்னபடி டயரைப் பூட்டிக்கொண்டு வந்தார். பொங்கல் அன்று எங்கள் கோயில் வாசலிலும் பனி விழுந்திருந்தது. ஐயர் குடை பிடித்தபடி வந்து தீபம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இவர் காரை முன்னே எடுத்தார். பழங்கள் நசியவில்லை, முழுசாகப் பனிக்குள் புதைந்துபோயின. திரும்பப் பின்னே எடுத்தார், அப்போதும் நசியவில்லை. ஐயர் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தக் கொட்டும் பனிக்குள் ஏன் இவ்வளவு நாளும் பூட்டாமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். மார்கழி ஐயா என்று இவர் மெல்லச் சொன்னார்.

"டயருக்கு என்ன மார்கழி?" என்றார் ஐயர்.

நான் இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கோயில் வாசல் என்றும் பாராமல் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்து வந்த ஞாயிறு மேலே போனோம். சுரங்கம் முடிந்ததும் அதே சரிவு. இவர் பிரேக்கைத் தொட்டார், கார் நின்றது. மறுபடி தொட்டார், மறுபடி நின்றது. அவ்வளவுதான். அதற்காகவா இத்தனை வருடம் என்று எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. அந்த மாசியிலும் பங்குனியிலும் எனக்குக் கிடைத்த எல்லா ஞாயிறும் மேலேதான். பிள்ளைகள் பனியில் உருண்டு தமிழில் சண்டை பிடித்தார்கள். அவளும் நானும் குழந்தையை நடுவில் கிடத்திவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தோம். இனி ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் என்று நான் நம்பினேன்.

ஈஸ்டருக்குப் போனபோது லண்டன் என்றார்கள். மாப்பிள்ளையின் தமையன் அங்கே கடை வைத்திருந்தார், கூட நின்று பார்க்க ஆள் தேவைப்பட்டது. மாப்பிள்ளையிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்ததால் அந்த நாளில் போவது பெரிய காரியமாக இருக்கவில்லை. அவர்களுக்கு அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில், தமிழ்க் கடை, ஒரே தெருவில் சொந்தக்காரர். பிள்ளைகளுக்கு ஆங்கிலம். எல்லாம் நல்லதற்குத்தான். தங்கச்சி பிள்ளையின் உடுப்பை மடித்தபடி, என்னைப் பார்க்காமல் கதைத்தாள்.

"குளிரில்லை அக்கா எனக்குப் பிரச்சினை. ஆக்கள் இல்லாததுதான்."

இப்போதுதானே டயர் வாங்கியிருக்கிறோம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஆடியில் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு இவர் ஒரு வருடமும் தவறவில்லை. ஐப்பசியில் குளிர்கால டயர், ஈஸ்டர் முடியக் கோடை டயர். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் போய்வர, பத்து மணிக்குள் தண்ணீராகிவிடும் பனியில் ஓட. சில வருடங்களுக்குப் பிறகு கராஜ்காரர் டயர்களைப் பார்த்துவிட்டு, வெட்டுகள் புதிது போலத்தான் இருக்கின்றன, ஆனால் வயது போய் ரப்பர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாராம். ஓடித் தேயவில்லை, கிடந்தே பழுதாகிவிட்டன. இவர் உடனே புது டயர்கள் வாங்கினார். மார்கழியா தையா என்று பார்க்கவில்லை.

லண்டனுக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தோம். நல்ல வீடு, நல்லாக இருக்கிறார்கள். அவள் கடையிலிருந்து ஓடி வருவாள், மறுபடி ஓடுவாள். என் பிள்ளைகளும் அவள் பிள்ளைகளும் இப்போது எந்தத் தயக்கமும் இல்லாமல் மணிக்கணக்கில் கதைக்கிறார்கள், ஆங்கிலத்தில். தமிழ் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. பிள்ளைகள் இருவரும் தங்கள் தங்கள் பாட்டில் எங்கோ போய்விட்டார்கள். வெளியே மூட்டம். நான் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "வெளிக்கிடும். மேலை போயிட்டு வருவம்" என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் போய்ச் சப்பாத்தைப் போட்டேன்.

சுரங்கம் தாண்டி வெள்ளைக்குள் வந்தோம். சரிவில் இவர் கையை இறுக்கவில்லை. அவள் இருந்த வீதியில், அவள் வீட்டுக்கு நேரே, பனியை வழித்து ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தினார். மணிப் பொத்தானில் வேறு யாரோ ஒருவரின் பெயர். மேலே ஜன்னலில் வேறு திரைச்சீலை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நான் போனை எடுத்து அவளை வீடியோவில் கூப்பிட்டேன்.

கடையில் நின்றாள். பின்னால் யாரோ விலை கேட்கும் சத்தம். நான் போனைத் திருப்பி வீதியைக் காட்டினேன்.

"அது எங்கடை றோட்டெல்லோ?" என்றாள். "ஸ்னோக்குள்ளையோ வந்தனீங்கள்? அத்தானோ ஓடினவர்?"

இவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் போனுக்குள் முகத்தை நீட்டி, ஒரு இடத்திலும் சறுக்கவில்லை என்றார். முகம் எல்லாம் பெருமை. அவள் சிரித்தாள். விலை கேட்டவர் மறுபடி கேட்டார், அவள் திரும்பவில்லை. நான் போனை என் பக்கம் திருப்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இப்பத்தானோ அக்கா வாறாய்?" என்றாள்.